ஒரு பக்கத்துச் செந்தூள்

அட்டை ஆலையில் அவளை எல்லோரும் ஸ்கேல் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். காற்சட்டையின் தொடைப் பையில் எந்நேரமும் ஓர் எஃகு அளவுகோல் நீட்டிக்கொண்டிருக்கும். உட்கார்ந்தால் அது குத்தும், அதனால்தான் அக்கா உட்காருவதே இல்லை என்று கேலி செய்வார்கள். உண்மை வேறு. உட்கார்ந்தால் மறுபடி எழுந்திருக்க மனசு வராது என்பதுதான் அவளுடைய பயம். வயது நாற்பத்தொன்பது. பதினெட்டுப் படி இரும்பு ஏணியை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஏறி இறங்கியே இரண்டு முழங்காலும் தேய்ந்திருந்தன.

இருபத்தேழு வருஷமாக அங்கே ஃபிட்டர். தொழிற்பள்ளியில் முப்பது பையன்களுக்கு நடுவே ஒரே பெண்ணாகப் படித்தவள். ஆசைப்பட்டுச் சேரவில்லை, மின்சாரப் பிரிவில் இடம் முடிந்துவிட்டது, மிச்சம் இருந்தது இதுதான். ஆலையில் சேர்ந்த புதிதில் இரண்டு வருஷம் அவளை ஸ்டோரில் வைத்து, கேட்டவர்களுக்கு பேரிங்கும் நட்டும் எடுத்துக் கொடுக்கச் சொன்னார்கள். ஒரு விடுமுறை நாளில் இரண்டு ஃபிட்டர்களும் வராமல் போக, தண்ணீர் பம்பு இறுகி நின்றது. அவள் ஸ்டோரைப் பூட்டிவிட்டு வந்து மூன்று மணி நேரத்தில் அதை ஓட வைத்தாள். மறுநாளிலிருந்து யாரும் அவளை ஸ்டோருக்குப் போகச் சொல்லவில்லை. பாராட்டியதாகவும் அவளுக்கு நினைவில்லை.

பழைய காகிதம்தான் அந்த ஆலைக்குத் தீனி. கட்டுக் கட்டாக வரும் காகிதத்தைச் சாய்வான ஒரு கன்வேயர் மேலே ஏற்றிக் கூழ்த் தொட்டியில் கொட்டும். அங்கே கரைந்து கூழாகி, பிழிந்து, நீராவி உருளைகளில் காய்ந்து, மறுமுனையில் அட்டையாக வெளியே வரும். கன்வேயர் நின்றால் தொட்டிக் கூழ் இருபது நிமிஷம் தாங்கும். அதற்குப் பிறகு ஆலை முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

அந்தக் கன்வேயரை இழுத்தது ஒரு செயின். சைக்கிள் செயினுக்குப் பெரியப்பா என்று சொல்லலாம். மோட்டாரோடு சேர்ந்த கியர்பாக்ஸில் ஒரு சின்னப் பல்சக்கரம், மேலே கன்வேயர் தண்டில் ஒரு பெரிய பல்சக்கரம், இரண்டையும் சுற்றி ஓடும் செயின். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் மூன்று வருஷம் உழைக்கும். தேய்மானத்தை அளக்கத்தான் அவளுக்கு அந்த அளவுகோல். புதுச் செயினில் பத்துக் கண்ணி இருநூற்று ஐம்பத்து நான்கு மில்லிமீட்டர் இருக்கும். கண்ணிகளைக் கோக்கும் பின்கள் உள்ளே தேயத் தேயச் செயின் நீளும். இருநூற்று அறுபதைத் தொட்டுவிட்டால் மாற்றிவிட வேண்டும். அவள் மாதத்துக்கு ஒரு தடவை அளந்து சுவரில் சாக்கட்டியால் எழுதிவைப்பாள்.

அந்த வருஷம் அளக்கவே வேலை இல்லாமல் போயிற்று. நான்கு மாதத்தில் மூன்று செயின் அறுந்தது.

முதல் செயின் அறுந்தது ஒரு வியாழக்கிழமை மாலை. மாற்று ஆள் வராததால் அவள் பதினோரு மணி நேரமாக நின்றுகொண்டிருந்தாள். பராமரிப்புப் பொறுப்பில் இருந்த இன்ஜினியர் வந்தார். முப்பத்தைந்து வயது, கெட்டவர் இல்லை, ஆனால் மேலே இருப்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே பாதி ஆளாகிப் போனவர். அறுந்த முனையைத் தூக்கிப் பார்த்தார். கண்ணி மூட்டில் குங்குமம் உதிர்ந்தது போலச் செந்தூள் கசிந்திருந்தது. செயினோடு பழகிய எவருக்கும் அது என்னவென்று தெரியும். எண்ணெய் போய்ச் சேராத மூட்டில் இரும்போடு இரும்பு உரசி, உரசிய தூள் துருப்பிடித்து வெளியே வரும்.

எண்ணெய் விடாததால் செயின் அறுந்தது என்று இன்ஜினியர் ஓர் அறிக்கை எழுதினார். சாட்சிக் கையெழுத்து ஒன்று வேண்டும் என்று அவளிடம் நீட்டினார். அவள் செந்தூளைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள், கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். ஒரு தும்மலுக்கு ஆகிற நேரம்கூட ஆகவில்லை. அப்போது அவள் மனசில் இருந்ததெல்லாம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்குமா என்பதுதான்.

ஆலையில் எண்ணெய் விடுவதற்கென்று ஒரே ஓர் ஆள் இருந்தார். எண்ணெய்க்காரர் என்றே பெயர். ஐம்பத்தெட்டு வயது, ஒடிசலான உடம்பு, வாய் திறந்து பேசுவது அபூர்வம். நீள மூக்கு வைத்த எண்ணெய்க் குவளையைத் தூக்கிக்கொண்டு ஷிஃப்டுக்கு இரண்டு தடவை எல்லா இயந்திரத்தையும் சுற்றி வருவார். பத்தொன்பது வருஷம் அதே சுற்று. ஒப்பந்த வேலை என்பதால் அவரை அனுப்ப ஒரு தாள் போதுமாக இருந்தது.

தாளைக் கையில் கொடுத்தபோது அவர் இன்ஜினியரைப் பார்த்து, "நான் விட்டேன் சார்" என்றார். பிறகு பக்கத்தில் நின்ற அவளைப் பார்த்தார்.

"நான் விட்டேம்மா."

அவள் தரையைப் பார்த்தாள். அவர் குவளையைத் துணியால் துடைத்து ஸ்டோரில் கொடுத்துவிட்டு வெளிவாசல் வழியாகப் போனார்.

இனிமேல் மனுஷனை நம்ப வேண்டாம் என்று இரண்டாவது செயினுக்குத் தானாகச் சொட்டும் எண்ணெய்க் குழாய் வைத்தார்கள். செயின் எண்ணெயில் குளித்துக்கொண்டே ஓடியது. ஐந்தே வாரம், அறுந்தது. சரக்கு மட்டம் என்றார் இன்ஜினியர். இருப்பதிலேயே உயர்ந்த ரகத்தில் மூன்றாவது செயின் வந்தது. அது ஏழு வாரம் ஓடி, ஒரு திங்கட்கிழமை காலை, தன்னை மூடியிருந்த காப்புத் தகட்டைப் படார் என்று அடித்துக்கொண்டு விழுந்தது.

ஒவ்வொரு தடவையும் அவளும் இன்ஜினியரும் செய்ய வேண்டியதையெல்லாம் செய்திருந்தார்கள். செயின் தளர்ச்சியைப் பார்த்தார்கள். அதிகமும் இல்லை, விறைப்பும் இல்லை. இரண்டு பல்சக்கரமும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று நூல் பிடித்துப் பார்த்தார்கள். பெரிய சக்கரத்தின் முகத்தில் இரண்டு இடம், சின்னச் சக்கரத்தின் முகத்தில் இரண்டு இடம், நூல் நான்கையும் தொட்டது. இதற்கு மேல் என்ன பார்ப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை.

மூன்றாவது செயினின் அறுந்த துண்டை அவள் தூக்கி எறியவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பழைய பல்துலக்கியால் தேய்த்து, பணிமேசையில் பரப்பிப் பார்த்தாள். கண்ணிகளின் பக்கத் தகடுகள் பின் நுழையும் துளையின் ஓரத்திலிருந்து வெடித்திருந்தன. ஒரே இழுப்பில் அறுந்தால் தகடு நீண்டு அறும். இது வளைந்து வளைந்து, கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்பது போல ஒடிந்திருந்தது. இன்னொன்றும் கண்ணில் பட்டது. உள்தகடுகளில் ஒரு பக்கத்துத் தகடு மட்டும் கண்ணாடி போல மினுங்கியது. எதிர்ப்பக்கத்துத் தகட்டில் புதுச் செயினுக்கே உரிய தொழிற்சாலைக் கறுப்பு அப்படியே இருந்தது. செயின் ஒரு பக்கமாகச் சக்கரப் பல்லை உரசிக்கொண்டே ஓடியிருக்கிறது. அப்படியென்றால் சக்கரங்கள் ஒரே கோட்டில் இல்லை. ஆனால் நூல் இருக்கிறது என்றது. நூல் பொய் சொல்லாது. இரும்பும் பொய் சொல்லாது.

அன்று மாலை பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்குத் திடீரென்று ஒன்று நினைவுக்கு வந்தது. முதல் செயினின் செந்தூள். அது எந்தப் பக்கம் இருந்தது?

மறுநாள் வேலை தொடங்கும் முன்பே பழைய இரும்பு கொட்டும் இடத்துக்குப் போனாள். நல்லவேளை, லாரி இன்னும் வந்து அள்ளவில்லை. தகரம், கம்பி, உடைந்த பேரிங் எல்லாவற்றையும் புரட்டி அரை மணி நேரத்தில் அந்தச் செயினை இழுத்து வெளியே எடுத்தாள். மாட்டிய அன்று சுவர்ப் பக்கத்தில் அவளே வைத்த மஞ்சள் பெயின்ட் குறி அதில் இருந்தது. மழை அதிகம் படாத அடிப்பகுதியைத் துடைத்துப் பார்த்தாள். சுவர்ப் பக்கத்து மூட்டுகளில் மட்டும் செந்தூள் அப்பியிருந்தது. மறுபக்கத்து மூட்டுகளில் விரலை வைத்தாள். விரலில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியது.

ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு ஓடும் செயினில் அந்தப் பக்கத்துத் தகடுகள் ஒன்றோடொன்று இறுகிக்கொள்ளும். எண்ணெய் நுழைய இடுக்கு இருக்காது. மேலே எவ்வளவு விட்டாலும் வழிந்து போகும். எண்ணெய் விட மறந்தவன் ஒரு பக்கத்துக்கு மட்டும் எப்படி மறப்பான்? அந்த மனிதர் விட்டிருக்கிறார். விட்டதற்கான சாட்சி அன்றைக்கு அவள் கண்ணெதிரே இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

வேலை மணி அடித்த பிறகும் அவள் அந்த இரும்புக் குவியல் மேலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த காவலாளி, உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டுவிட்டுப் போனார்.

வீட்டில் அவளும் கணவரும் மட்டும்தான். மகள் வேறு ஊரில் படித்துக்கொண்டிருந்தாள். கணவர் சரக்கு இறக்கும் வேலையில் முதுகெலும்பை நசுக்கிக்கொண்டு நான்கு வருஷமாக வீட்டோடு இருந்தார். சமையல், துணி, தண்ணீர் எல்லாம் அவர் பொறுப்பு. சமையல் சுமார்தான், சுமார் என்று இருவரும் ஒப்புக்கொண்டதில் சண்டை இல்லாமல் ஓடியது. அன்று சாப்பிடும்போது அவள் நடந்ததை முழுக்கச் சொன்னாள். மெஷினை விசாரிக்கிற அக்கறையில் கால்வாசி என் முதுகை விசாரித்திருந்தால் நான் இந்நேரம் ஓடிக்கொண்டிருப்பேன் என்று வழக்கம்போலக் கிண்டலில் தொடங்கியவர், பாதியில் கிண்டலை விட்டுவிட்டார்.

"நீ இப்ப சொன்னா அவருக்கு வேலை திரும்பக் கிடைக்குமா?"

"தெரியல."

"சொல்லலைன்னா உனக்குத் தூக்கம் வருமா?"

"வரும். அதுதாங்க கஷ்டம். நான் இருக்கிற அலுப்புக்குப் படுத்தா தூங்கிடுவேன். காலையில எழுந்ததும்தான் ஞாபகம் வருது."

அவர் அவளுடைய தட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

சும்மா போய்ச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஆகவே காரணத்தைக் கையோடு பிடிக்க வேண்டியிருந்தது. நான்காவது செயின் மாட்டி ஓடத் தொடங்கியிருந்தது. நூல் பிடித்தது எல்லாம் இயந்திரம் நிற்கும்போது. ஓடும்போது, பாரம் ஏறும்போது என்ன நடக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. இன்ஜினியரிடம் ஒரு மணி நேரம் கேட்டாள். அலுத்துக்கொண்டேதான் கொடுத்தார். காப்புத் தகட்டுக்கு வெளியே, தரையில் தனியாக ஊன்றிய ஓர் இரும்புக் காலில், மெல்லிய அசைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜைப் பொருத்தி, அதன் முனை கியர்பாக்ஸின் பின்காலைத் தொடும்படி வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். கன்வேயர் பட்டை வெறுமனே ஓடியபோது முள் அசையவில்லை. மேலே கிரேனிலிருந்து ஒரு காகிதக் கட்டு கன்வேயரில் விழுந்தது. முள் துள்ளியது. அடுத்த கட்டு விழுந்தது. மறுபடி துள்ளியது. ஒவ்வொரு கட்டுக்கும் அந்தக் கால் இரண்டு மில்லிமீட்டர் எழும்பி, கியர்பாக்ஸ் லேசாகத் திரும்பி, மறுபடி வந்து உட்கார்ந்தது.

ஷிஃப்டு மாறும் நேரத்தில் இயந்திரத்தை நிறுத்தி, சுவிட்சைப் பூட்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு, கியர்பாக்ஸுக்கு அடியில் படுத்தாள். வருஷக்கணக்காக வழிந்த கூழும் கிரீஸும் கல்லாக இறுகிக் கிடந்தன. சுரண்டிச் சுரண்டி எடுத்தபோது அடித்தகட்டின் வெல்டிங்கில் உள்ளங்கையை விட நீளமான ஒரு வெடிப்பு தெரிந்தது. நிற்கும்போது மூடிக்கொள்ளும், பாரம் ஏறினால் வாயைத் திறக்கும். நின்றால் யோக்கியன், நடந்தால் நொண்டி. நூலும் சரியாகத்தான் சொன்னது, செயினும் சரியாகத்தான் சொன்னது.

இன்ஜினியர் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். அவர் முகத்தில் நான்கு மாதத்துப் பாரம் இறங்குவது தெரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையே பழைய அடித்தகட்டை அறுத்தெடுத்துத் தடிமனான புதுத் தகட்டை வைத்து வெல்டிங் செய்தார்கள். ஒரு பக்கம் தேய்ந்த பழைய சக்கரம் புதுச் செயினையும் தின்றுவிடும் என்று அவள் சொன்னதால் இரண்டு பல்சக்கரமும் மாற்றப்பட்டன. மறுநாள் பத்துக் கட்டு விழுந்தும் முள் அசையவில்லை.

அதற்குப் பிறகுதான் அவள் பழைய அறிக்கையைப் பற்றிப் பேசினாள்.

"அக்கா, அது முடிஞ்சுபோன விஷயம்" என்றார் இன்ஜினியர். "இப்ப செயின் ஓடுது. போதாதா?"

"செயின் ஓடுது சார். அந்த மனுஷன்தான் நின்னுட்டாரு."

"அதுல உங்க கையெழுத்தும் இருக்கு. கிளறினா உங்களுக்கும்தான் வரும்."

"என் கையெழுத்து இருக்கறதாலதான் சார் நான் எழுதணும்."

இரண்டு நாள் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பக்கம் எழுதினாள். அவள் கை ஸ்பேனர் பிடித்துப் பழகிய கை. எழுத்து ஒவ்வொன்றும் ஒரு திசை பார்த்து நின்றது. முதல் செயினின் துண்டையும் ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆலை மேலாளரின் அறைக்குப் போனாள். அவர் இரண்டு தடவை படித்தார். துண்டைத் தொட்டுப் பார்த்து விரலைத் துடைத்துக்கொண்டார். எண்ணெய்க்காரரைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், கடிதம் தபாலில் அனுப்பச் சொல்கிறேன் என்றார். தானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று அவள் வாங்கிக்கொண்டாள். அடுத்த மாதம் ஃபோர்மேன் இடம் ஒன்று காலியானது. வரிசைப்படி அவளுக்கு வர வேண்டியது, வேறொருவருக்குப் போயிற்று. காரணம் யாரும் சொல்லவில்லை. இன்ஜினியர் வேலைக்கு மட்டும் பேசினார், வேறெதற்கும் பேசுவதை விட்டுவிட்டார். அந்த இடம் தனக்கு வேண்டியிருந்ததா இல்லையா என்று யோசித்துப் பார்க்கக்கூட அவளுக்குத் தெம்பு இல்லை.

எண்ணெய்க்காரரின் வீடு டயர்க் கடைக்குப் பின்னால், மாடியில் இரண்டு அறை. கடிதம் வாங்கிய வாரத்து விடுமுறை நாள் காலை பத்து மணிக்குப் போனாள். துணி உலர்த்திக்கொண்டிருந்த அவருடைய மனைவி ஒரு கணம் பார்த்து அவளை அடையாளம் கண்டு, வாங்க என்று சொல்லாமல் விலகி வழி விட்டார். உள்ளே இருந்த எண்ணெய்க்காரர், தான் இப்போது மரச்சாமான் கிடங்கு ஒன்றில் இரவுக் காவல் வேலை பார்ப்பதாகவும், சற்று முன்புதான் வந்ததாகவும் சொன்னார். நாற்காலியைத் தூசி தட்டிப் போட்டார். அவள் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, செந்தூள் எந்தப் பக்கம் இருந்தது, ஏன் இருந்தது என்று எல்லாவற்றையும் நின்றபடியே சொல்லி முடித்தாள்.

அவர் கடிதத்தைப் பிரிக்காமலே கையில் வைத்திருந்தார்.

"அன்னைக்கே ரெண்டு பக்கமும் பார்த்தியாம்மா?"

"பார்த்தேண்ணே. பார்த்தேன், யோசிக்கல. வீட்டுக்குப் போனா போதும்னு இருந்துச்சு. என்னை மன்னிச்சிடுங்கன்னு கேக்கத்தான் வந்தேன்."

அவர் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"நான் விட்டேன்னு எனக்குத் தெரியும்" என்றார். "மொத மாசம் நல்லாத் தெரியும். அப்புறம் நாளாக நாளாக எனக்கே சந்தேகம் வந்துடுச்சும்மா. நிஜமாவே விட்டேனா, ஒரு நாள் மறந்திருப்பேனோன்னு. கிடங்கு வாசல்ல உட்கார்ந்து அந்தச் சுத்தை மனசாலயே சுத்திப் பார்ப்பேன். கன்வேயர்கிட்ட வந்ததும் கை என்ன பண்ணுச்சுன்னு ஞாபகமே வராது."

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் இரண்டு தேநீரோடு திரும்பி வந்து, ஒன்றை அவள் கையில் கொடுத்தார். அப்போதுதான் அவள் உட்கார்ந்தாள்.

வேலைக்குத் திரும்பி வர அவர் ஒப்புக்கொள்ளவில்லை. கோபத்தில் சொல்லவில்லை; அந்தக் குவளையைத் தூக்கிக்கொண்டு சுற்றினால் ஒவ்வொரு மூட்டிலும் நின்று விட்டேனா விட்டேனா என்று கேட்டுக்கொண்டே இருப்பேன், என்னால் ஆகாது என்றார். ஒரே ஒரு காரியம் கேட்டார். தன்னை அனுப்பிய தாள் ஒரு வாரம் அறிவிப்புப் பலகையில் தொங்கியதாம். அவள் எழுதியதும் அதே பலகையில் ஒரு வாரம் தொங்க வேண்டும். அது போதும்.

அதற்கு அவள் மேலாளரின் அறைக்கு மூன்று தடவை நடந்தாள். மூன்றாவது தடவை அவர் பேசாமல் முத்திரை குத்திக் கொடுத்தார். அவளே நான்கு மூலையிலும் ஊசி குத்தி மாட்டினாள். போகிற வருகிறவர்கள் நின்று படித்தார்கள். சிலர் அவளைப் பார்த்துத் தலையசைத்தார்கள், சிலர் பார்க்காதது போலப் போனார்கள்.

நான்காம் நாள் முற்பகல் எண்ணெய்க்காரரும் அவருடைய மனைவியும் ஆலைக்கு வந்தார்கள். இருவரும் வெளியே போகும் உடுப்பில் வந்திருந்தார்கள். அவள் அப்போது பதினெட்டுப் படிக்கு மேலே கன்வேயர் தளத்தில் இருந்தாள்; அங்கிருந்து கீழே பலகை தெரிந்தது. அவர் கண்ணாடி கொண்டுவரவில்லை போலிருக்கிறது. மனைவி பலகைக்கு முகத்தைக் கிட்டே கொண்டுபோய் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்துச் சொல்ல, அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து கேட்டார். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து படிக்கச் சொன்னார் என்று தோன்றியது. மனைவியின் விரல் மேலே போயிற்று.

கீழே இறங்கிப் போய் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று அவள் ஏணியில் ஒரு கால் வைத்தாள். அதற்குள் கூழ்ப் பம்பு கரகரவென்று இழுத்து நின்றது. யாரோ ஸ்கேல் அக்கா என்று கூப்பிட்டார்கள். அவள் காலை மேலே எடுத்துக்கொண்டு பம்பு பக்கம் நடந்தாள்.